மாப்பிள்ளை பனியனில் இருந்த படகுக்காரர்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் சினிமாவுக்குப் போய்வந்தால் மற்றவர்களுக்கு டிக்கெட் மிச்சம். எழுத்து ஓடுவதில் தொடங்கி, கதாநாயகி எந்தக் கலர் புடவையில் அழுதாள் என்பது வரை ஒரு காட்சி விடாமல் சொல்லிவிடுவோம். முடிவைச் சொல்லாமல் பாதியில் நிறுத்துகிறவர்களை நாங்கள் நம்புவதில்லை. நாவல் என்றால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நான் முதல் பக்கத்துக்கே வருவேன். யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால்தானே நிம்மதியாகப் படிக்க முடியும்?

இந்த நல்ல பழக்கத்தால் என் மகளின் கல்யாணம் நிற்கப் பார்த்தது.

அப்போது நான் பள்ளிக்கூட அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த புதிது. கணவர் ஆரோக்கியம் காலையிலேயே காந்திபுரத்தில் இருக்கும் கடைக்குப் போய்விடுவார். கார்களுக்கு சீட் கவர், மேட், மேலே கீழே ஒட்டுகிற அலங்காரச் சாமான்கள் எல்லாம் விற்கிற கடை. மகள் அனிதா ஆபீசுக்குப் போய்விடுவாள். மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது டிவிக்குக் கீழே ஒரு கேம் பெட்டியை விட்டுப் போயிருந்தான். தூசி தட்டப்போன இடத்தில் ஒருநாள் அதன் பட்டனை அழுத்திவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தூசி தட்டவில்லை.

முதலில் கார் ரேஸ். பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டதில் எப்போதும் கடைசியாகவே வந்தேன். அடுத்தது பேய் கேம். அதில் ஒவ்வொரு பேயிடமும், "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சுடுவேன். (சுடுகிறோம் என்பதற்காக மரியாதையை விட முடியுமா?) மூன்றாவதாகக் கிடைத்ததுதான் வினை. வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் அதற்கு. நான் படகு கேம் என்றே சொல்வேன்.

வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாட்டில், காணாமல் போன தம்பியைத் தேடி அக்கா ஒருத்தி தீவு தீவாகப் போகிறாள். அவளைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார் தாடி வைத்த ஒரு பெரியவர். குளிருக்குப் போர்வை கொடுக்கிறார், மீன் சூப் வைத்துக் கொடுக்கிறார், துடுப்புப் போட்டுக்கொண்டே பாட்டும் பாடுகிறார். கதை பிடித்துப்போய், அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு ஆட உட்காருவேன். அந்த நாட்களில் என் கணவர் தினமும் அடிப்பிடித்த சாம்பார்தான் சாப்பிட்டார். "கேஸ் கம்பெனிக்காரன் என்னமோ கலக்கறானாட்ட இருக்குது" என்று அவராகவே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அனிதாவுக்கும் பிரவீனுக்கும் நிச்சயமாகி, மாதா கோயிலில் மோதிரம் மாற்றினோம். மாப்பிள்ளை பம்ப் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினீயர். சொந்த ஊர் மேட்டுப்பாளையம். அப்பா சேவியர் அங்கே பாக்கு வியாபாரி. அதிகம் பேசாத மனிதர். பேசினாலும் விலை சொல்கிற மாதிரியே பேசுவார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த பிரவீன், என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கேம் ரிமோட்டைப் பார்த்துவிட்டார்.

"அத்தை, நீங்க கேம் ஆடுவீங்களா?"

"ஏதோ பொழுது போகோணுமில்லீங்க மாப்பிள்ளை."

பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். அனிதாவுக்கு கேம் என்றாலே ஆகாது. இந்த வீட்டில் தனக்கென்று ஓர் ஆள் அகப்பட்ட சந்தோஷம் அவருக்கு.

"வர்ற ஞாயித்துக்கெழம நாங்க பிரண்ட்ஸெல்லாம் கூடறமுங்க அத்தை. அவங்கவங்க இப்ப என்ன ஆடிட்டிருக்கறோம், எப்படியிருக்குதுன்னு பேசுவோம். நீங்களும் வாங்க. ஆமா, என்ன கேம் ஆடறீங்க?"

"அங்க வந்து சொல்றனுங்க" என்றேன் பெருமையாக.

வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்தேன். அதுவும் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு காபிக்கடை மாடியில் கூட்டம். பூசை முடிந்த கையோடு பட்டுப்புடவையில் போய் இறங்கினேன். சுற்றிலும் என் மகன் வயதுப் பிள்ளைகள். எல்லோரும் எழுந்து, "வாங்க ஆன்ட்டி" என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பிரவீன் அன்றைக்கு ஒரு கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தார். (எங்கள் வயதுக்காரர்களுக்கு எல்லாமே பனியன்தான்.) அதில், நெஞ்சு நிறைய, நம் படகுக்காரப் பெரியவரின் முகம் தாடியோடு சிரித்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொருவராக மைக் பிடித்தார்கள். முதல் பையன், "காம்பாட் செம டைட்டுங்க. பேசிங்தான் கொஞ்சம் இழுவை. ஆனா அந்த வேர்ல்டு இருக்குது பாருங்க... அது ஒரு ஃபீலுங்க" என்றான். கூட்டமே தலையாட்டியது. என்ன கதை, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்தவன் கால் மணி நேரம், எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பதைப் பற்றியே பேசினான். போட்டோவுக்குக் கண்ணாடி போடுகிற கடை வைத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெண் வந்து, "மொத சேப்டர்லயே அழுதுபோட்டனுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள். யாருமே கேட்கவில்லை! ஒரு பெண்பிள்ளை அழுதேன் என்கிறாள், ஏன் கண்ணு என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாதி இல்லை. என்ன வளர்ப்போ.

பிறகு பிரவீன். நெஞ்சில் இருந்த பெரியவரைத் தொட்டுக் காட்டினார்.

"நம்ம படகு கேம்தானுங்க. நாம எல்லாரும் பேசி வச்சாப்பல மெதுவாத்தான் ஆடிட்டிருக்கறேன். ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு மணி நேரம். ஒரேயடியா முடிச்சுட்டா தீந்துபோயிருமேன்னு பயமா இருக்குதுங்க. இந்தப் பெரியவர் மாதிரி ஒரு மனுசன் நெசத்துல கெடைச்சாப் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் அதே கேம். அதுவும் போன வாரமே முடித்துவிட்டேன். மாப்பிள்ளையோ இன்னும் நடுவழியில் தவித்துக்கொண்டிருக்கிறார். உதவி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மாமியாருக்கு எங்கே கிடைக்கும்?

மைக்கை வாங்கினேன். எல்லோருக்கும் தோத்திரம் சொன்னேன். "இந்தப் புள்ளைங்களுக்குக் கதை சொல்லவே தெரியலீங்க. நாஞ் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேன்.

முதல் தீவு, இரண்டாம் தீவு எல்லாம் பிள்ளைகள் ரசித்துத்தான் கேட்டார்கள். நான் அக்கா மாதிரி அழுதேன், பெரியவர் மாதிரி பாடினேன். கைதட்டல்கூட வந்தது. அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. "இப்ப கடைசித் தீவுக்கு வர்றமுங்க" என்றதும் பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். சந்தேகம் கேட்கிறான் என்று நினைத்து, "இருங்க தம்பி, எல்லாம் முடிவுல வெளங்கீரும்" என்றேன். இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மைக் சரியில்லாமல் கொர்ரென்று சத்தம் வருகிறது போலிருக்கிறது என்று, மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, சொந்தக் குரலில் இன்னும் உரக்கச் சொன்னேன். பிரவீன் எழுந்து நின்றார். மரியாதைக்கு நிற்கிறார் என்று எனக்குப் பூரிப்பு.

கூட்டத்தை நடத்திய பையன் ஓடிவந்து, "ஆன்ட்டி, ஸ்பாய்லருங்க! ஸ்பாய்லர் வேண்டாமுங்க!" என்றான்.

எனக்குத் தெரிந்த ஸ்பாய்லர், கார் டிக்கிக்கு மேலே ரெக்கை மாதிரி மாட்டுகிற சாமான் ஒன்றுதான். (கதையின் முடிவை முன்கூட்டியே உடைப்பதற்கும் அதுதான் பெயர் என்று பிற்பாடுதான் தெரிந்தது.)

"வேண்டாட்டி விடுங்க கண்ணு. வேணுங்கறவங்க எங்கூட்டுக்காரர் கடைக்கு வாங்க, நல்ல தினுசா இருக்குது" என்று விளம்பரத்தையும் முடித்துவிட்டுக் கதைக்குத் திரும்பினேன்.

"அந்தத் தம்பி காணாமப் போகலீங்க. அவனைத் தண்ணிக்குள்ள தள்ளிக் கொன்னுபோட்டாங்க. கொன்னது யாருன்னு நெனைக்கறீங்க?" கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். பிறகு மாப்பிள்ளையின் நெஞ்சை நோக்கி விரலை நீட்டினேன். "இதா, மாப்பிள்ளை பனியன்ல சிரிச்சுட்டிருக்கறாரே, இவரேதானுங்க!"

கைதட்டலுக்குக் காத்திருந்தேன். ஏற்கெனவே அழுத அந்தப் பெண் மறுபடியும் அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஏன் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிரவீன் குனிந்து தன் நெஞ்சையே பார்த்தபடி நின்றார். பிறகு நாற்காலியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டார்.

காரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். லட்சுமி மில் சிக்னலில், "அத்தை, அந்தச் சூப்பு... அவரு பாசமா வச்சுக் குடுத்ததில்லீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்சம் தாமதம்தான்.

மறுநாள் காலை சம்மந்தியம்மாவின் போன்.

"ஏனுங்க, அங்க என்னங்க நடந்துச்சு? பையன் நேத்து வந்ததுல இருந்து சோறு திங்க மாட்டேங்கறானுங்க. கேட்டா, 'நல்ல மனுசன்னு நம்பிட்டேம்மா, கடைசீல கொலகாரன்'ங்கறான். யாரைங்க சொல்றான்? உங்கூட்டுக்காரரையா?"

நான் பதில் சொல்வதற்குள், "எங்கூட்டுக்காரர் நேர்ல வந்து பேசோணும்னாரு, நாளைக்கு வாரோம்" என்று போனை வைத்துவிட்டார். என் கணவருக்கு வியர்த்துவிட்டது. "நா என்ன புள்ளை பண்ணுனேன்? சீட் கவர் வித்ததைத் தவிர ஒரு பாவமும் அறியனே" என்று நடுக்கூடத்தில் நின்று புலம்பினார். நடந்ததை அனிதாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தால், தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"மோதிரம் மாத்தி ஒரு மாசங்கூட ஆகலை. கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது? எங்கம்மா படகுக்காரனைக் காட்டிக்குடுத்துட்டாங்கன்னா?"

அப்போதுதான் விஷயத்தின் கனம் எனக்கு உறைத்தது. அன்றைக்கு டிவியின் மேல் துணியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் சேவியர் சம்மந்தி, அவர் மனைவி, பிரவீன் மூவரும் வந்தார்கள். மாப்பிள்ளை சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். காபி வந்தது. யாரும் தொடவில்லை. சம்மந்தி நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கொலைங்கறான். நாங்க கவுரவமான குடும்பமுங்க. இருக்கறதை மறைக்காமச் சொல்லிப்போடுங்க."

"அய்யோ, அது கேமுங்க" என்றேன்.

"கேமோ என்னமோ. மொதல்ல இருந்து சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் முதலிலிருந்து சொன்னேன். அக்கா, தம்பி, வெள்ளம், தாடிக்காரப் பெரியவர். ஆரம்பத்தில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். மூன்றாவது தீவு வரும்போது சம்மந்தி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். சம்மந்தியம்மா காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்திருந்தார். என் கணவர், தன்மேல் பழி விழுந்த கதை என்பதையே மறந்து, "அந்தப் புள்ளை தனியா ஏன் போகுது? கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று கோபப்பட்டார்.

கடைசித் தீவில் நிறுத்திவிட்டேன்.

"அப்பறமுங்க?" என்றார் சம்மந்தி.

"அதுக்கு மேல சொல்லக் கூடாதுங்க."

"என்னுங்க நீங்க! தம்பியக் கொன்னது யாருங்க? பொறுங்க, நானே சொல்றேன். அந்த ரெண்டாந்தீவுல வெளக்குக் கடை வச்சிருந்தானே, அவன் முழியே சரியில்லையே... இல்லீனா அந்தப் பாலத்துக்காரி..."

பாக்கு மண்டியில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், விரலை மடக்கி மடக்கி ஆட்களை எண்ணினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எப்பேர்ப்பட்ட வேதனை என்று என் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சம்மந்தி எண்ணி முடித்து, "யாரா இருந்தாலும் அந்தப் படகுக்காரப் பெரியவர் மட்டும் இல்லீங்க. அவரு தங்கம்" என்றார்.

சுவரோரத்திலிருந்து பிரவீன் துள்ளி எழுந்தார். "தங்கமா? அவன்தாம்ப்பா கொன்னதே! அந்த ஆளேதான்!"

சம்மந்தி மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"அடப்பாவி... நாங் கண்டுபுடிச்சிருப்பனே. உன்னைய யாருடா சொல்லச் சொன்னா?"

பிரவீன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முதலில் யார் சிரித்தது என்று இன்றுவரை தகராறு இருக்கிறது. அனிதாதான் என்பது என் கட்சி. சம்மந்தி மட்டும் சிரிக்கவில்லை. கிளம்பும்வரை மகனோடு முகங்கொடுத்துப் பேசவும் இல்லை. வாசலில் செருப்பைப் போடும்போது என்னிடம் தணிந்த குரலில், "அது மாதிரி வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. இவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

கல்யாணம் குறித்த தேதியில் நடந்தது. ரேஸ்கோர்ஸ் கூட்டத்தில் என் பெயரில் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். கேமை முடித்தவர்கள் முடிக்காதவர்களோடு ஒரே மேஜையில் உட்காரக் கூடாதாம். அதற்கு 'ஆன்ட்டி ரூல்' என்று பெயர். நான் போனால் எனக்குத் தனி மேஜை, தனி காபி.

வீட்டில் இன்னும் மோசம். நான் எதையாவது சொல்ல வாயெடுத்தாலே மகளும் மருமகனும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். இந்த வருடம் பெரிய வெள்ளியன்று, ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்னால், கோயிலில் ஃபாதர் இயேசு பட்ட பாடுகளைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். இயேசுவைக் கல்லறையில் வைத்தாயிற்று. கோயிலே கண்ணீரில் நனைந்திருந்த நேரம். மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை கேட்கலாம் என்று மருமகன் பக்கம் லேசாகச் சாய்ந்தேன்.

அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்:

"அத்தை, ஞாயித்துக்கெழம என்ன ஆகும்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க!"