மகாராஜா பெயர் முதலில்

ஒரு காட்டில், அதுவும் டவர் கிடைக்கும் காட்டில், ஆற்றோரப் பொந்தில் இருந்துகொண்டு வீரணன் என்ற முள்ளம்பன்றி காட்டின் சர்வரைக் கட்டி மேய்த்துவந்தது. எல்லா மிருகங்களின் போட்டோவும் குரலும் அதில்தான். போன மழையில் செத்துப்போன அதன் பெண்டாட்டி செவந்தி "சாப்பிட்டியா?" என்று கேட்கும் குரலும் அதில்தான். வேறெங்கும் பிரதி கிடையாது.

இப்போது ஆறு ஏறிக்கொண்டிருந்தது. பொந்து முழுகுவதற்குள் எல்லாவற்றையும் மலைக்குகைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே சிங்க மகாராஜாவின் புது சர்வர் காலியாகக் கிடந்தது. வழியில் எவனும் எட்டிப் பார்க்காதபடி பூட்டியும் அனுப்ப வேண்டும்.

அதற்கு இரண்டு கருவிகள் இருந்தன. இரண்டுக்கும் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். எஸ்சிபி முயல் மாதிரி. ஒரே ஓட்டம், நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆர்சிங்க் ஆமை மாதிரி. விட்ட இடத்திலிருந்து தொடரும். சொன்னால், அனுப்பும் பக்கத்தில் இல்லாததைப் பெறும் பக்கத்தில் துடைத்து, இரண்டையும் அச்சு அசலாக ஒன்றாக்கியும் வைக்கும். குரங்குகள் கேபிளில் ஊஞ்சலாடும் காட்டில் எதைப் பிடிப்பது? கதை கேட்டு வளர்ந்த பிராணியாயிற்றே, வீரணன் ஆமையைப் பிடித்தது. சுத்தமாக இருக்கட்டுமே என்று துடைக்கவும் சொல்லிவைத்தது.

எங்கிருந்து என்பதை முதலில் எழுத வேண்டும், எங்கே என்பதைப் பிறகு. வீரணன் சரியாகத்தான் எழுதியிருந்தது. மேற்பார்வைக்கு வந்த மந்திரி நரிதான் திரையைப் பார்த்து முகம் சுளித்தது.

"மகாராஜா சர்வர் பேரு கடைசியிலயா? உன் பொந்துக்கு அப்புறமாய்யா அவரு?"

சிங்கத்தின் பெயரைப் பின்னால் போட்டால் கல்யாணப் பத்திரிகைகூட அச்சேறாத காடு அது. வீரணனுக்குப் பயத்தில் புத்திக்கு முன்னால் கை முந்திக்கொண்டது. மகாராஜா பெயரை முன்னால், 'எங்கிருந்து' என்ற இடத்துக்கு மாற்றி என்டரைத் தட்டியது.

பாதியில் குரங்கு ஆடி லைன் அறுந்தது. அங்கேயே நின்றிருக்கலாம். நரி மறுபடி தட்டச் சொன்னது. ஆமையா விடும்? காலிக் குகையைப் பார்த்துப் பார்த்து, பொந்தில் மிச்சம்மீதி இருந்ததையும் பொறுமையாகத் துடைத்து முடித்தது.

நரி சரிபார்த்தது. இரண்டு பக்கமும் ஒரு பைட் வித்தியாசமில்லை. சிங்கம் பூரித்துப்போய்ப் பொன்னாடை போர்த்தியது. அது முள்ளில் மாட்டிக் கிழிந்தது தனிக்கதை. ஆறு பொந்துவரை வரவேயில்லை, பாதியிலேயே வடிந்துவிட்டது.

வீரணன் கிழிந்த பொன்னாடையோடு பொந்தில் உட்கார்ந்து செவந்தியைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்ததில் சோற்று வேளை போய்விட்டது. சாப்பிட்டாயா என்று கேட்க யாருமில்லை.

நீதி: பெரிய இடத்துப் பெயரை முதலில் எழுதுங்கள். அதற்கப்புறம் உங்கள் கோப்பை எந்தத் திருடனாலும் திருட முடியாது.