உட்காரத் தெரியாத வாங்கண்ணன்

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே மரியாதை முற்றிப்போய் மயங்கி விழுந்த ஒரே மனிதர் எங்கள் வாங்கண்ணன்தான். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. பீளமேட்டில் எங்கள் பக்கத்து வீடு. கிரைண்டர் கடை வைத்திருந்தார். யாரைக் கண்டாலும் சடாரென்று எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க, வாங்க" என்று மூன்று முறை சொல்வார். கரண்ட் ரீடிங் எடுக்க வருபவருக்கு வாங்க. சிலிண்டர் கொண்டுவருபவருக்கு வாங்க. தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒன்றாக வந்து மாட்டிக்கொண்டபோது, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வாங்க. ஒருமுறை தெருநாய் கேட்டுக்குள் நுழைந்ததற்குப் பாதி எழுந்துவிட்டார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் இது விளையாட்டு இல்லை. "ஊட்டுக்குப் போனனுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுல" என்பதற்காகவே தலைமுறைக்கும் பேச்சு நின்றுபோன பங்காளிகள் உண்டு. அந்தப் பழி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே வளர்ந்தவர் வாங்கண்ணன்.

பயத்தைப் பற்றிப் பேசினால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் ஒரே கோளாறு. இதயம் தாளம் தப்பி ஓடியது. தொடை இடுக்கு வழியாக ஒயரை உள்ளே விட்டு, கரண்ட் தப்பாக ஓடுகிற இடத்தைத் தேடிப் பிடித்துச் சுடுகிற வைத்தியம். முதலில் அவர் போனார். அவர் திரும்பி வந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு நான் போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு என் இரண்டு விரல் எப்போதும் மணிக்கட்டு நாடியிலேயே இருந்தது. "உள்ள புண்ணு ஆறுற வரைக்கும் அப்படி இப்படித் துள்ளும், பயப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் எனக்கு முழுப் பயமும் வந்தது. ஒரு துடிப்பு முன்னால் வந்தால் வியர்க்கும். ஒன்று தாமதித்தால் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக் கண் கலங்கும். குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை. மாடி ஏறுவதில்லை. வீட்டு கேட்டைத் தாண்டுவதே இல்லை.

"ஏனுங்க, எந்நேரமும் கையப் புடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா, அதுக்கும் கூச்சமா இருக்காதுங்களா?" என்பாள் என் மனைவி.

வாங்கண்ணனுக்குத் தாளம் சரியாகிவிட்டது. ஆனால் போன பூதத்துக்குப் பதில் வேறொரு பூதம் வந்து உட்கார்ந்துகொண்டது. படுத்திருந்தால் சுகம், உட்கார்ந்திருந்தால் சுகம். எழுந்து நின்றால் நெஞ்சு தடதடவென்று அடித்து, கண் இருண்டு, ஆள் சாய்ந்துவிடுவார். நாம் நினைக்காமலே உடம்புக்குள் நடக்கிற வேலைகளைப் பார்த்துக்கொள்கிற நரம்புகள் சில உண்டாம். நிற்கும்போது ரத்தத்தைத் தலைக்கு ஏற்றிவிடுவதும் அவற்றின் பொறுப்பு. வாங்கண்ணனின் நரம்புகள் அந்த வேலையில் கோட்டைவிட்டன.

டாக்டர் சட்டம் போட்டுவிட்டார். சடக்கென்று எழக்கூடாது. முதலில் நாற்காலி நுனிக்கு வர வேண்டும், பாதத்தை ஆட்ட வேண்டும், முஷ்டியை இறுக்க வேண்டும், எதையாவது பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தொடை வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற காலுறை போட வேண்டும். உப்பைக் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, விழவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தின்கிற ஆள்; தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

"உப்பு எச்சாத் தின்னுன்னு சொல்ற டாக்டர இப்பத்தானுங்க தம்பி பாக்கறேன்" என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, இல்லை, உட்கார்ந்து சொன்னார். அவர் மனைவிக்கு ரத்தக்கொதிப்பு. "ஒரே ஊட்டுல உப்பில்லாம ஒரு ரசம், உப்புக் கொட்டி ஒரு ரசம். நேத்து மாத்திக் குடிச்சுப்போட்டு ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தமுங்க" என்றார் அந்த அக்கா.

சட்டமெல்லாம் சரி. உடம்பு பார்க்க வருகிறவர்களை என்ன செய்வது? கேட் சத்தம் கேட்டால் போதும், டாக்டர் சொன்னதெல்லாம் பறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து வேன் பிடித்து ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் வந்து இறங்கியது. வாங்கண்ணன் எழுந்தார். முதல் வாங்க கணீரென்று கேட்டது. இரண்டாவது கம்மியது. மூன்றாவதுக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. டீப்பாய் விளிம்பில் நெற்றி மோத விழுந்தார்.

காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். புருவம் பிளந்து ரத்தம் நிற்காமல் கொட்டியது. அந்த அக்கா முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, "ஐயோ சாமி, நிக்க மாட்டேங்குதே, நிக்க மாட்டேங்குதே" என்று அலறினார். பார்க்க வந்த வேனிலேயே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலைக்குள் ஒன்றுமில்லை, தையலோடு போயிற்று. "இன்னொரு தடவை உளுந்தா நான் பொறுப்பில்லீங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு நான்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். வருகிறவர்களை கேட்டிலேயே நிறுத்தி, "உள்ள போனதும் அவரு பாக்கறதுக்குள்ள உக்காந்துருங்க. நீங்க நின்னீங்கன்னா அவரு எந்திரிச்சுப் போடுவாருங்க" என்று சொல்லி அனுப்பினார். அதன்பின் அந்த வீட்டுக்குள் யாரும் நடந்து போனதை நான் பார்க்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள். ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர், கனத்த சரீரம், பாய்ந்து போய் சோபாவில் விழுந்தார். தான் வாங்கி வந்த ஆரஞ்சுப் பையின் மேலேயே விழுந்தார்.

இப்படி ஓட்டிக்கொண்டிருந்தபோது மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கோபிசெட்டிபாளையத்து மாப்பிள்ளை. நல்ல சேதிதான். ஆனால் பெண்ணைப் பெற்றவன் மண்டபத்து வாசலில் நின்று ஆயிரம் பேரைக் கும்பிட வேண்டுமே! பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு போன் போட்டார்.

"ஏனுங்க தம்பி, உக்காந்துக்கிட்டுக் கும்பிட்டா வந்தவங்க என்ன நெனப்பாங்க?"

"உளுந்தீங்கன்னா என்ன நெனப்பாங்கன்னு பாருங்கண்ணா."

"நின்னுபோட்டு உளுந்தான்னு சொல்லுவாங்கல்லங்க?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு நெம்பப் பயமா இருக்குதுங்க தம்பி. ஊட்டுல சொன்னா அழுவாங்கன்னு சொல்லுல. புள்ளைக்குத் தாலி ஏர்ற நேரத்துல நான் ஆஸ்பத்திரியில கெடந்தன்னா, அவ ஆயுசுக்கும் அதையேதானுங்க நெனப்பா."

அந்தக் குரலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. "நீங்க சேர் போட்டு உக்காருங்கண்ணா. நானும் வாரேன். உங்க பக்கத்துலயே ஒரு சேரப் போட்டுக்கறேன். ரெண்டு பேரும் உக்காந்தே சொல்லலாம்" என்றேன். போனை வைத்த பிறகுதான், கேட்டைத் தாண்டிப் பல மாதமான ஆள் எந்தத் தைரியத்தில் வாக்குக் கொடுத்தோம் என்று மறுபடி நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

முகூர்த்தத்தன்று காலை காரில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினேன். சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றபோது என் நெஞ்சும் நின்றுவிட்டதாகவே முடிவு செய்தேன். "திரும்பிப் போயிரலாங்களா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்றேன். போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டது.

மண்டபத்து வாசலில் பெரிய நாற்காலி. அதில் பட்டு வேட்டியோடு வாங்கண்ணன். பக்கத்து ஸ்டூலில் உப்பு மோர். எழ முடியாத குறைக்குக் கையை மேலே மேலே தூக்கிக் கும்பிட்டதில், போலீஸிடம் சரணடைந்தவர் மாதிரி இருந்தார். "உக்காந்திருக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க, டாக்டர் உத்தரவுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். சிலர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வாங்கண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எழவில்லை. சம்பந்தி வந்தபோதே எழவில்லையாம்.

அப்போது படிக்குக் கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார்.

"வேண்டாங்கண்ணா! உக்காருங்க!" என்று கத்தினேன். அவர் கேட்கவில்லை. பாதங்களை ஆட்டினார். வேட்டி ஜரிகை ஆடியது. முஷ்டியை இறுக்கினார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல, மெல்ல எழுந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். அந்தப் படிகளை நான் எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்குங்கண்ணா எந்திரிச்சீங்க? எனக்கெல்லாம் எந்திரிக்கோணுமா?"

மூச்சு வாங்கியது அவருக்கு. உதட்டில் நிறமில்லை. ஆனால் சிரித்தார்.

"அவுங்கெல்லாம் சும்மா வந்தவங்க தம்பி. நீங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வந்தவரு. உங்களுக்கு உக்காந்துக்கிட்டு வாங்கன்னு சொல்ல மனசு வரலீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை மெதுவாக உட்காரவைத்து, மோரை வாயில் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சில்லிட்டிருந்த அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது. சூடேறிய பிறகும் அதை விட எனக்கு மனசு வரவில்லை.