மோட்டார் ரூமுக்கு வந்த கண்டம்

கோயம்புத்தூரில் அந்த மாதம் மீன் சாவது பெருமையாக இருந்தது.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே செருப்பு விட இடமில்லை. மேடையில் மச்ச வாஸ்து நிபுணர் திருமூர்த்தியார். பட்டு வேட்டி, கன்னத்தோரம் மைக். பின்னால் பெரிய திரையில் ஒரு தங்கமீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. மண்டபத்திலேயே சந்தேகப்பட்ட முகம் அது ஒன்றுதான்.

பக்தர்கள் வரிசையில் நின்று தங்கள் வீட்டு மீன்கள் செத்த கதையைச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் ஒன்பது. பலத்த கைதட்டல். அடுத்து வந்த அம்மாளுக்குக் குரலே எழும்பவில்லை.

"நமக்கு ரெண்டுதானுங்க செத்துச்சு."

"விசனப்படாதீங்க அம்மணி," என்றார் திருமூர்த்தியார். "உங்க ஊட்டுல கண்டம் கம்மி."

அவர் தத்துவம் எளிமையானது. வீட்டுக்கு வரும் கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு சாகும். ஆனால் தொட்டியின் அடியில் சாதாரணக் கல் கிடந்தால் வாங்காது. கொடுமுடிக் காவிரியில் எடுத்து, நாற்பத்தெட்டு நாள் பூஜையில் வைத்த மண்டலக் கல் வேண்டும். பழைய கல்லை ஒன்று விடாமல் ஒரே நாளில் மாற்ற வேண்டும். தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பில்டர் பஞ்சையும் பிழிந்து அலச வேண்டும். ஏழு நாளில் மீன் செத்தால் கண்டம் கழிந்தது. சாகாவிட்டால் வீடு சுத்தம். இரண்டில் எது நடந்தாலும் ஜெயித்தவர் திருமூர்த்தியார். எலெக்‌ஷனில்கூட இந்த வசதி யாருக்கும் இல்லை. செத்த மீனுக்குப் பதில் புது மீன் அவருடைய கடையிலேயே கிடைக்கும்.

நான்காவது வரிசையில் பவன் உட்கார்ந்திருந்தான். மாமியார் ராமாமணி கூப்பிட்டதால் வந்தவன். அவன் மனைவி ஷ்ரவ்யா டெங்குவில் போய் ஒரு வருஷம் ஆகிறது. அதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவன் 'சரிங்க' என்பான். சாப்பிடச் சொன்னால் சரிங்க. பெண் பார்க்கலாமா என்றாலும் சரிங்க. பிறகு போக மாட்டான். வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து வீட்டுத் தொட்டியில் கல் மாற்றுவார்கள் என்று ராமாமணி சொன்னபோதும் அதையேதான் சொல்லியிருந்தான்.

அந்தத் தொட்டியில் ஒரே ஒரு தங்கமீன். ஷ்ரவ்யா வளர்த்தது. அடியில் கிடப்பது அவள் பொறுக்கிச் சேர்த்த கூழாங்கல்.

ஒருமுறை அவள் கல் மாற்றும்போது அவன் அவசரப்படுத்தினான். அவளோ வாரத்துக்குக் கால்வாசிதான் மாற்றுவேன் என்றாள். பழைய கல்லில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒட்டியிருக்கின்றன, மீனின் கழிவை அவைதான் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகின்றன என்று விளக்கினாள். "எல்லாத்தையும் ஒரே நாள்ல கழுவுனா மீன் அதோட மூத்திரத்துலயே சாகுமுங்க" என்றாள்.

இப்போது ராமாமணி அவன் காதருகே குனிந்தாள். கல்லுக்குப் பதிவு செய்யப் போன வாரம் திருமூர்த்தியாரைப் பார்த்தாளாம். போன வருஷம் இந்தக் கல்லுக்கு விளம்பரம் வந்தபோது தான் சிரித்துவிட்டதைச் சொன்னாளாம். 'அப்பவே கல்ல மாத்தியிருந்தா மீன் போயிருக்கும், பொண்ணு இருந்திருக்கும்' என்றாராம்.

"நான் சிரிச்சனுங்க மாப்பிள்ளை. அதுலதான் எம்புள்ள போயிட்டா. நீங்களாச்சும் நல்லா இருக்கோணும்."

ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடாததன் காரணம் பவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சரிங்க என்று சொல்ல வாய் வரவில்லை. எழுந்து மைக்குக்குப் போனான்.

"ஏனுங்க, ஆளே இல்லாத எடத்துல தொட்டி வெச்சுக் கல்ல மாத்துனா மீன் சாகுங்களா?"

திருமூர்த்தியார் சிரித்தார். "ஆளில்லாத எடத்துல கண்டம் ஏதுங்க தம்பி? மீன் அது பாட்டுக்கு இருக்கும்."

"வெச்சுப் பாக்கலாமுங்களா?"

முதலில் கைதட்டியது ராமாமணி. சாமியின் சக்தியை ஊருக்கே காட்ட வாய்ப்பு என்று அவளுக்குச் சந்தோஷம். மண்டபமே சேர்ந்து தட்டியது. இருநூறு செல்போன் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? திருமூர்த்தியார் சரியென்று தலையாட்டினார். அது முடியும்வரை வீட்டுத் தொட்டியில் கல் மாற்றுவதைத் தள்ளிவைத்தார்கள்.

மாமனாரின் தென்னந்தோப்பு கிணத்துக்கடவில் இருக்கிறது. அங்கே மோட்டார் ரூம் சும்மா பூட்டிக் கிடந்தது. திருமூர்த்தியாரின் கடையில் பல மாதமாக ஓடிய இரண்டு தொட்டிகள் அங்கே வந்து இறங்கின. தொட்டிக்குப் பத்துக் கப்பி மீன், விரல் நுனி அளவுதான். நேரத்துக்குத் தானாகவே தீனி போடும் டப்பா.

கடை ஆள் இரண்டிலும் கல்லை மாற்றினார், தொட்டியைக் கழுவினார், பஞ்சை அலசினார், மண்டலக் கல்லைப் பரப்பினார். பிறகு முதல் தொட்டியின் மூலையில் ஒரு சின்ன வலைப்பையை நைசாகச் செருகினார். ராமாமணி பார்த்துவிட்டாள். பையை உருவினாள். உள்ளே பழைய கல், அழுக்கோடு.

"இதென்னுங்க? சாமி ஒரு கல்லுகூட மிச்சம் வெக்கக் கூடாதுன்னாருங்கல்ல?"

"கடையில எப்பவும் இப்படித்தானுங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணு சாமி சொன்னபடியே இருக்கட்டுமுங்க அத்தை, இன்னொண்ணுல இது இருக்கட்டும்" என்று பவன் அந்தப் பையை வாங்கி இரண்டாவது தொட்டியில் போட்டான். அதே கல், அதே தண்ணீர், அதே தீனி. ஒரு பைதான் வித்தியாசம். ராமாமணி கதவைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். உண்மையான பக்தையைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார்கள்.

எட்டாம் நாள் தோப்பில் ஐம்பது பேர் கூடினார்கள். ராமாமணி கதவைத் திறந்தாள். முதல் தொட்டியில் பத்துக் கப்பியும் வயிற்றைக் காட்டி மிதந்தன. இரண்டாவதில் பத்தும் வாலாட்டிக்கொண்டிருந்தன.

ராமாமணிதான் முதலில் கேட்டாள்.

"ஏனுங்க, இங்க மனுசரே இல்லீங்களே. இது யாருக்கு வந்த கண்டமுங்க?"

திருமூர்த்தியார் தொண்டையைச் செருமினார். "மோட்டாருக்கு வந்ததுங்க அம்மணி. எந்திரத்துக்கும் கண்டம் உண்டுங்க."

"மோட்டார் போன மாசமே காயில் எரிஞ்சு போச்சுங்களே," என்றார் பக்கத்துத் தோட்டத்து மாரப்பன்.

கூட்டம் சிரித்தது. ராமாமணி சிரிக்கவில்லை. இரண்டாவது தொட்டியிலிருந்து வலைப்பையைத் தூக்கி, சொட்டச் சொட்ட அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உங்க கடையில தொட்டிக்குத் தொட்டி இது கெடக்குது. நேத்துப் போய்ப் பாத்தேன். உங்க மீனு சாகக் கூடாது. எங்க மீனு மட்டும் சாகோணும். அப்படித்தானுங்களே?"

திருமூர்த்தியார், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்து, "வாரேனுங்க, இதோ வாரேனுங்க" என்று பேசிக்கொண்டே காரைப் பார்த்து நடந்தார். மண்டலக் கல் பையோடு வந்திருந்த நாலைந்து பேர் அதைத் தென்னை மரத்தடியில் கொட்டினார்கள். ஒருவர் மட்டும் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டார். இருக்கட்டும் என்று.

திரும்பும் வழியில் ராமாமணி வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப, நான் சிரிச்சதுல ஒண்ணும் ஆகலீங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங்க அத்தை. கொசுதானுங்க."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை. வந்ததும் ஒரு தட்டுச் சோறு போட்டு முழுதாகச் சாப்பிட்டாள். வீட்டுத் தொட்டியில் தங்கமீன் பழைய கல்லைக் கிளறிக்கொண்டிருந்தது.

பக்கத்து மனையில் இரண்டு வருஷமாகக் கட்டிடம் கட்டுகிறார்கள். மூடாத தண்ணீர்த் தொட்டி ஒன்று அங்கே நிற்கிறது. எட்டிப் பார்த்தால் கொசுப்புழு நெளியும். பிழைத்த பத்துக் கப்பிகளையும் பவன் அதில் விட்டான். பொழுது சாய்வதற்குள் புழு பாதியாகக் குறைந்திருந்தது.

வீட்டுக்கு வரும் கண்டத்தை மீன் தின்னும் என்று திருமூர்த்தியார் சொன்னது ஒரு வகையில் சரிதான். தொட்டிதான் மாறிப்போயிற்று. சுகாதாரத் துறைக்காரர்கள் கொசுப்புழு தின்னும் மீனைச் சும்மாவே கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மேடை இல்லை, மைக் இல்லை, அதனால் கூட்டமும் இல்லை.

மீன் தொட்டியில் கல்லை மெதுவாகத்தான் மாற்ற வேண்டும். மண்டைக்குள் படிந்திருப்பதை ஒரே நாளில் கொட்டிக் கழுவலாம். அதனால் எந்த மீனும் சாகாது.