என் பட்டமளிப்பு அங்கியும் உங்கள் முதல் பக்கமும்

டுவால் லேண்டிங்,
லூசியானா.
செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊர்ப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாயிருக்க வேண்டும் என்று விரும்பும் ஒரு வாசகி எழுதிக்கொள்வது.

இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. கல்லூரியில் நான்கு வருடமும் ஒரு வகுப்பிலும் கை தூக்கியதில்லை. நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் எடுத்த படத்தில் துப்பாக்கியோடு நிற்கும் உயரமான இளைஞன் எங்கள் வீட்டுப் பையன்தானா, வியாழக்கிழமை முதல் பக்கத்தில் வருகிறது, பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்றார். "அம்மா வெளியே போயிருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன். ஆமாம், அது என் தம்பி டெமெட்ரியஸ்தான். ஆனால் அந்தத் துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் பட்டமளிப்பு அங்கியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன் டயர் கடை வாசலில், எங்களைப் போல் கறுப்பரான கோர்ட்னி பெல்லைப் போலீஸ் சுட்டுக் கொன்றது உங்களுக்குத் தெரியும். இடுப்பில் துப்பாக்கி இருந்தது, அதற்குப் பர்மிட்டும் இருந்தது. பர்மிட்டை எடுத்துக் காட்டப்போனபோதுதான் சுட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையால் சாப்பிட்டவர்கள். மறுநாள் நீங்கள் போட்டது, பத்தொன்பது வயதில் போக்குவரத்து அபராதம் கட்டாமல் ஒரு நாள் உள்ளே இருந்தபோது சிறையில் எடுத்த படம். தூக்கமில்லாத கண், வாராத தலை. அவர் மகளின் ஞானஸ்நானத்தன்று எடுத்த நல்ல படத்தோடு அவர் மனைவி உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, பக்கம் அச்சுக்குப் போய்விட்டது என்றார்களாம். அன்று காலை எங்கள் அம்மா ஜெனீவா பத்திரிகையைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து என் அலமாரியைத் திறந்தார்.

"அந்தக் கவுன எடு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்தது நான் ஒருத்திதான், எனவே கவுனும் ஒன்றுதான். அம்மாவின் திட்டம் எளியது. நம் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பட்டதாரி வேடத்தில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுவது. யாராவது சுடப்பட்டால், சிறைப் படம் கிடைப்பதற்குள் நாமே ஓடிப்போய் நல்ல படத்தைக் கொடுத்துவிடலாம்.

நான் ஐந்தடி இரண்டு அங்குலம், என் தம்பி ஆறடி மூன்று. அங்கி அவனுக்கு முழங்காலோடு நின்றது. "அக்கா, செத்தா சரி, இந்தப் படத்தப் பாத்து ஊரே சிரிக்குமே" என்றான். "பேப்பர்ல காலப் போட மாட்டான், நெஞ்ச நிமுத்து" என்றார் அம்மா. அப்பா எல்ராய் மட்டும் மறுத்துவிட்டார். பத்தாவதே தேறாதவர், தேவாலயத்தில் டீக்கன் வேறு, படிக்காத பட்டத்தைப் போட்டுக்கொண்டு பொய்யாய் நிற்க மாட்டேன் என்றார்.

"செத்தவன் பொய் சொன்னான்னு எவன் கேக்கப்போறான், டீக்கன்?"

"நான் சூட்டுலயே நிக்கறேன். ஆனா இடுப்புல துப்பாக்கி இருக்கும். பர்மிட்டு இருக்கு. எதுத்த வீட்டு வெள்ளக்காரரு ஹாலிஸ் அதே துப்பாக்கியக் கட்டிக்கிட்டு முட்ட வாங்கப் போறாரு, அவருக்குக் கதவப் புடிக்கறாங்க."

இவன் அப்பாவி என்று காட்டுவதற்காக எடுக்கிற படத்தில் துப்பாக்கி எதற்கு என்று அம்மா கத்த, அப்பாவியாய் இருந்தால்தானே துப்பாக்கிக்கு உரிமை என்று அப்பா கத்த, படம் எடுக்க வந்த எர்லின் அத்தை கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு கோழி பொரிக்கப் போய்விட்டார். அப்பா மாவட்டத் துப்பாக்கி உரிமைச் சங்கத்தில் பன்னிரண்டு வருட உறுப்பினர். பர்மிட் உள்ள மனிதனைச் சுட்டுவிட்டார்களே, சங்கம் ஒரு வரியாவது எழுதும் என்று தினமும் உங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். சங்கத்திலிருந்து வந்தது சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்.

பிறகு, போலீஸ்காரர் நம் காரை நிறுத்தினால் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கலாம் என்றார் அப்பா. போன வாரத் திங்கட்கிழமை, அடுப்பில் சிவப்பு பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் ஓட்டுநர். அம்மா மரக்கரண்டியோடு போலீஸ்.

"ஆபீசர், எங்கிட்ட துப்பாக்கி இருக்கு, சட்டப்படி பர்மிட்டும்..."

"டப்."

"என்ன ஜெனீவா, இன்னும் சொல்லியே முடிக்கல?"

"துப்பாக்கின்னு சொன்னப்பறம் ஒண்ணும் காதுல விழல."

அடுத்த முறை பர்மிட்டிலிருந்து தொடங்கினார். பின்பாக்கெட்டுக்குக் கை போனது, டப். அதற்கடுத்து வாயே திறக்கவில்லை. மறைத்ததற்காக டப். கையை வெளியே நீட்டிக் கும்பிடாத குறையாக நின்றார். "எதுக்கு இவ்ளோ பயப்படறான், ஏதோ பண்ணிட்டு வந்திருக்கான்" என்று அதற்கும் ஒரு டப். பீன்ஸ் வேகுமுன் அப்பா ஒன்பது முறை செத்திருந்தார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "அப்ப நான் என்னதான்டி பண்ணணும்?" என்று அப்பா கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. அம்மா அதே கரண்டியோடு பீன்ஸைக் கிளறப் போய்விட்டார்.

இதற்குள் தெருவுக்குச் சேதி போய்விட்டது. போன வியாழக்கிழமை எங்கள் வாசலில் வரிசை நின்றது. தபால்காரர், முடிவெட்டுகிறவர், பாடகர் குழுவின் மூன்று கனத்த குரல்கள், எல்லாரும் என் அங்கிக்காக. அக்குளில் தையல் விட்டது. வரிசையில் பதினான்காவதாக நின்றவர் பக்கத்துத் தெரு மார்லன் பியர்சன். போலீஸ்காரர்.

"என்னப்பா மார்லன், உனக்குத்தான் கவர்மென்ட்டே கொடி வெச்சுப் படம் எடுத்துக் குடுத்திருக்கே?" என்றார் தபால்காரர்.

"அது யூனிஃபார்ம்ல. லீவு நாள்ல டி-ஷர்ட்டோட பால் வாங்கப் போனா நானும் உங்கள்ல ஒருத்தன்தான். தள்ளுய்யா."

எல்லாரும் சிரித்தார்கள். அங்கியோடு போடும் தொப்பி அவர் தலைக்குப் பற்றவில்லை. கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை, கோர்ட்னிக்கு நீதி கேட்டு நடந்த ஊர்வலத்துக்கு அப்பா துப்பாக்கியோடுதான் வந்தார், உரிமையைக் காட்ட. நாங்கள் நீதிமன்றத் திருப்பத்தில் பாடிக்கொண்டு போனபோது, வெளியூரிலிருந்து வந்த எவனோ ஒருவன் கார் நிறுத்தும் கட்டடத்தின் நாலாவது மாடியிலிருந்து போலீஸ்காரர்களைச் சுட ஆரம்பித்தான். கோர்ட்னிக்குப் பழி என்று எழுதி வைத்திருந்தானாம். கோர்ட்னியை அவன் பார்த்ததே இல்லை. கூட்டம் கலைந்தது. இடுப்பில் துப்பாக்கி இருந்த ஒவ்வொருவரும் அந்த நிமிடம் ஒரே மாதிரித் தெரிந்தார்கள். அப்பாவுக்கு ஒத்திகையில் இல்லாத கட்டம் இது. அப்படியே உறைந்து நின்றார். டெமெட்ரியஸ் அப்பாவின் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி, இரண்டு விரலால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தூக்கியபடி நடந்துபோய்ப் போலீஸ் வண்டியின்மேல் வைத்துவிட்டு மண்டியிட்டான். உங்கள் புகைப்படக்காரர் எடுத்தது அந்தப் பத்து அடியில் ஓர் அடியை. நான்கு மணி நேரம் விசாரித்து விட்டுவிட்டார்கள். குற்றமில்லை என்ற போலீஸ் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.

இரண்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள். ஒருவர் மார்லன்.

எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ஒருவர், பெயர் வேண்டாம், "இப்பத் தெரியட்டும் அவனுங்களுக்கு" என்றார். யார் செத்தது என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் படியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் வேலை செய்யும் நூலகத்தில், கோர்ட்னி செத்தபோது விசாரணை முடியட்டும், அவசரப்படாதீர்கள் என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நேற்றுத் திங்கட்கிழமை காலையில் எங்கள் எல்லாரையும் குற்றம் சொல்ல எந்த விசாரணைக்கும் காத்திருக்கவில்லை. துப்பாக்கிக் கடை வரிசை தபால் நிலையம் வரை போயிற்று. மழை பெய்தது. எதிர் வீட்டு ஹாலிஸும் எங்கள் தபால்காரரும், ஒருவருக்கு மற்றவர் மேல் உள்ள பயத்தில் துப்பாக்கி வாங்க வந்தவர்கள், ஒரே குடைக்குள் நின்று கெளுத்தி மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்லன் படத்தை நீங்கள் முதல் பக்கத்தில் பெரிதாக, கொடியோடு போட்டீர்கள். அழகாக இருந்தார். அதற்காக நான் கோபப்படவில்லை. கோர்ட்னியின் மனைவியும் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்.

டெமெட்ரியஸ் படத்துக்குக் கீழே அவன்மேல் குற்றமில்லை என்று நீங்கள் எழுதுவீர்கள், நம்புகிறேன். ஆனால் ஐயா, கீழே எழுதுவதை யாரும் படிப்பதில்லை. நூலகத்தில் தினமும் பார்க்கிறேன். ஆகவே என் அங்கியில் அவன் எடுத்துக்கொண்ட படத்தையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன். போட்டே ஆக வேண்டுமென்றால் இதைப் போடுங்கள். முழங்கால் வேண்டாம், நெஞ்சுவரை போதும்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மீண்டும் மன்னிப்புக் கேட்டு, தங்கள் வீட்டில் வெளியே போகிறவர்கள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

ரெனீட்டா ஹார்ஜ்ரோவ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் தம்பி இதைப் படித்தான். "நல்ல படம்னு சொல்லிப் போட்டா மட்டும் என்னக்கா? எம் மூஞ்சி எல்லாருக்கும் தெரிஞ்சிருமே" என்றான். அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். அங்கிப் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வியாழக்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸில் அவன் கிடங்கு வேலைக்குப் போக வேண்டும். அந்த பஸ்ஸில் பாதிப்பேர் உங்கள் பத்திரிகையை விரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். ஐயா, அவன் படம் எதையும் போடாதீர்கள். நல்லதும் வேண்டாம்.