ஜெனீவா வரை போகிறவர்

மனிதர்களில் மேல்சட்டக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் எந்தச் சட்டத்தைக் காட்டினாலும் அதற்கு மேலே இன்னொன்று இருப்பதாகச் சொல்வார். அதுவும் தனக்குப் பாதகமென்றால் அதற்கும் மேலே ஒன்றைத் தேடுவார். மேலே ஏற இடமில்லாதபோது சடாரென்று கீழே இறங்கி, தன் வீட்டுப் படலை வாசலில் நின்று, இதற்குள்ளே எவருடைய சட்டமும் வராது என்பார். நாட்டின் அரசியலமைப்புப் பெரிதா, நாடுகளுக்கெல்லாம் மேலான சட்டம் பெரிதா என்று பெரிய பெரிய நீதிமன்றங்கள் வருடக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. இவரைக் கேட்டிருக்கலாம். தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

எங்கள் மன்னார்க் கரையில் இந்த இனத்தின் கொழுத்த மாதிரி, கரையிலிருந்து ஆள்வைத்து வலை இழுப்பிக்கும் முதலாளியான கரைவலைச் சம்மாட்டி மில்ரன். அக்கரை இந்திய இழுவைப்படகுகள் வலையை அறுத்தால், இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் மேலானது சர்வதேசக் கடல் சட்டம் என்று ஜெனீவாவுக்கு மனு எழுதுவார். அந்தச் சட்டத்துக்கும் ஜெனீவாவுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். அவர் கணக்கில் உலகத்து மேல்சட்டமெல்லாம் அங்கேதான் குடியிருக்கிறது. ஆனால் மீன்குஞ்சுகளைக் காப்பது சர்வதேசக் கடமை என்று சொல்லிக்கொண்டு ஓர் அதிகாரி அவருடைய வலைக்கண்ணை அளக்க வந்தபோது, "நாங்கள் இறைமையுள்ள நாடு. வெளிநாட்டுக்காரன் சொல்லி எங்கட வலையை அளக்கிறதோ?" என்று கேட்டாரே பார்க்கலாம். வந்தவர் அளவுகோலைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடலில் வலை போடுவதில்லை என்பது எங்கள் கத்தோலிக்கக் கரையின் வழக்கம். எங்கள் மீனவர் சங்கத்தின் விதிப்புத்தகமான யாப்பிலும் அது உண்டு. மீறினால் அந்தப் பருவம் முழுதும் சம்மாட்டிகளுக்கு ஆளுக்கொரு நாளாகச் சங்கம் கொடுக்கும் வலை இழுக்கும் முறை பறிபோகும். போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை நேரம் பார்த்துச் சாளை மீன் கூட்டம் கரையோடு வந்து நின்றது. மில்ரன் வலையை விட்டு வளைத்துவிட்டார். கேட்டதற்கு, விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை நாட்டின் அரசியலமைப்பே தந்திருக்கும்போது சங்கத்து யாப்பு எம்மாத்திரம் என்றார். பங்குத்தந்தை கண்டித்தபோது, ரோமாபுரிக்கு எழுதிக் கேட்போம் என்றார். சங்கத் தலைவர் டொமினிக் சண்டைக்கு அஞ்சுகிற மனிதர், விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் அன்ரோனெற் சங்கத்துக்கு விண்ணப்பம் கொடுத்தாள். அப்பா இறந்தபின் அவருடைய வலையும் தோணியும் அவளுக்கு வந்திருந்தன. வலை இழுக்கப் பத்துப் பேரும் இருந்தார்கள். உறுப்பினரானால்தான் முறை கிடைக்கும். யாப்போ, உறுப்பினர் ஆணாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தப் பருவமும் முறை இல்லையென்றால் அந்தப் பத்துப் பேரும் வேறு சம்மாட்டியிடம் போய்விடுவார்கள். பிறகு வலை எலிகளுக்குத்தான். ஆகவே அவள் அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையையும் பெண்களுக்கான சர்வதேச உடன்படிக்கையையும் காட்டி, எல்லாரும் சமம் என்று எழுதியிருந்தாள்.

மில்ரன் குதூகலித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவள் உள்ளே வந்தால் அவருடைய முறை ஒரு நாள் பின்னால் போகும் ஐயா! கூட்டத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சங்கத்து யாப்புக்கு மேலே எதுவுமில்லை, கொழும்பும் இல்லை, ஜெனீவாவும் இல்லை என்று முழங்கினார். அதைத் தீர்மானமாகவே முன்மொழிந்தார். கைகள் உயர்ந்தன. குறிப்பேட்டில் எழுதியும் ஆயிற்று.

அன்ரோனெற் அழவில்லை. "அப்ப அந்த ஞாயிற்றுக்கிழமை விதியையும் ஒருக்கா வாசியுங்கோ, டொமினிக் அண்ணை" என்றாள்.

டொமினிக் கண்ணாடியைத் துடைத்து, போட்டு, நிதானமாக வாசித்தார். மில்ரனின் முறை, பருவம் முழுவதற்கும், அவரே முன்மொழிந்த தீர்மானத்தின்படி, போயே போய்விட்டது. கூரைத் தகரம் அதிரச் சிரித்தோம். எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மில்ரன் சளைப்பாரா? ஒரே மூச்சில் அரசியலமைப்பு, தொழில் உரிமை, பன்னிரண்டாம் உறுப்புரை, ஐக்கிய நாடுகள் எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் மேலே ஏறினார். அன்றைக்கு டொமினிக்குக்கு எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது.

"பன்னிரண்டு உள்ளுக்க வந்தால் தனிய வராது, மில்ரன். அன்ரோனெற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும். சொல்லுங்கோ, கதவைத் திறக்கிறதோ, பூட்டுறதோ?"

மில்ரன் கூரையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், அன்ரோனெற்றை மட்டும் பார்க்கவில்லை.

"திறவுங்கோ" என்றார். குறிப்பேட்டில் தீர்மானத்தை வெட்டினார்கள்; அவருக்கு முறை திரும்பியது, அவளுக்கு உறுப்புரிமை கிடைத்தது.

அடுத்த செவ்வாய் அன்ரோனெற்றின் வலை கடலில் இறங்கியது. சந்தோசத்தில் நானும் போய்க் கயிறு பிடித்தேன்; கை இன்னும் வலிக்கிறது. மில்ரன் இப்போது தேநீர்க் கடையில் இருந்து, ஜெனீவா வரை போராடி இந்தக் கரைக்குப் பெண்ணுரிமை கொண்டுவந்தவர் தாமே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்றாகச் சிரித்தீர்களா? சரி. இந்த வீட்டில் நான் சொல்வதுதான் சட்டம் என்று காலையில் பிள்ளைகளை அதட்டிவிட்டு, அதே வசனத்தைக் கந்தோரில் மேலதிகாரி சொன்னதும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கத்தைத் தேடியவர் யார்? நீங்கள் இல்லை என்கிறீர்கள். இருக்கலாம். எந்தச் சட்டப்படி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.