இருபத்தெட்டு வாய்களுக்குச் சோறு

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் இருபத்துநான்காம் தேதி, வியாழக்கிழமை, கர்க்கடக வாவு; இறந்தவர்களுக்குப் பலிச்சோறு வைக்கும் ஆடி அமாவாசை. காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். உதியன்குளங்கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த சத்யபாமாவின் வீட்டு முற்றத்தில், வாழையிலையில் வைத்த பலிச்சோற்றை எடுக்க ஒரு காகமும் வரவில்லை. வீட்டினுள்ளே, உப்புநீர்க் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பவளம் எட்டு மாதங்களாக வாய் திறக்கவில்லை. இவற்றுள் இரண்டாவது நிலை அன்று நண்பகலுக்குள் மாறாவிட்டால், சத்யபாமா வீட்டைப் பூட்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு, காக்கநாட்டில் அவன் வீடிருந்த பதினோராவது மாடிக்குக் குடிபோக வேண்டும். அப்படித்தான் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

"இன்னும் எத்தற நேரம் நிக்கணும்?" என்றான் மகன் அனூஜ். அவன் வேட்டி இடுப்பில் ஈரமாக ஒட்டியிருந்தது.

"காக்கா வாறது வர நிக்கணும்."

"இன்னைக்கு ஊரு முழுக்க இலை போட்டிருக்கு அம்மா. காக்காக்கும் வயறு ஒண்ணுதானே."

"அப்பாக்கு முதல் வாவாக்கும். வாய மூடிட்டு நில்லு."

ஒப்பந்தத்தின் வரலாறு பின்வருமாறு. சத்யபாமா பஞ்சாயத்து அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; அந்த மரியாதையில் அக்கம்பக்கத்தார் இன்றும் அவரை 'சாரே' என்றே அழைப்பார்கள். வீட்டில் எந்த வேலை எத்தனை மணிக்கு நடக்க வேண்டும் என்பதை அடுக்களைக் கதவில் எழுதி ஒட்டியிருப்பார். அந்தத் தாளில் அவருடைய கணவர் பொன்னப்பனுக்கு எனத் தனியாக ஒரு கட்டம் உண்டு. மாலை நான்கு முதல் ஆறு வரை: பவளத்துக்கு உணவு. அந்த இரண்டு மணி நேரம் பொன்னப்பன் தொட்டி இருந்த அறையின் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்வார்.

பெரும்பாலான பவளங்கள் வெளிச்சத்தைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். பொன்னப்பன் வாங்கியது அந்த வகை அன்று. ஆரஞ்சு நிறத்தில், கைப்பிடி அளவில், மொட்டு மொட்டாக இருபத்தெட்டு வாய்கள். வெளிச்சம் அதற்குச் சோறாகாது. ஒவ்வொரு வாய்க்கும் நீண்ட கண்ணாடிக் குழலால் சிறு இறாலைத் தனித்தனியாக ஊட்ட வேண்டும். ஆளரவம் கேட்டால் மூடிக்கொள்ளும். கை பட்டால் செத்துப்போகும். இவையெல்லாம் பொன்னப்பன் எழுதி வைத்திருந்த குறிப்புகள்.

கடந்த நவம்பரில் பொன்னப்பன் காலமானார். தனியாக இருக்க வேண்டாம், காக்கநாட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அனூஜ் வற்புறுத்தினான். சத்யபாமா மே மாதத்தில் ஒன்பது நாள்கள் அங்கே இருந்து பார்த்தார். குளிக்க வேண்டிய நேரம், துணி துவைக்க வேண்டிய கிழமை எல்லாவற்றையும் மருமகள் சுமி எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்தாள். பத்தாம் நாள் சத்யபாமா தொடர்வண்டி ஏறிவிட்டார்.

"அப்பா வளத்த ஜீவன் வீட்டுல கெடக்கு. அத விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றார்.

"அது எப்பமோ செத்துப் போச்சு."

"செத்தா வெளுக்கும்ன்னு அப்பா எழுதி வெச்சிருக்காவ. நெறம் ஒரு பொட்டு குறையல்ல."

"அப்பம் வாவுக்கு நான் வருவேன். அன்னைக்கு உச்சைக்குள்ள அது வாய் திறந்தா நீங்க இங்க. திறக்கல்லன்னா அங்க. சம்மதமா?"

சத்யபாமா இதை இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை அவனிடம் கொடுத்தார்.

அன்று முதல் அவர் செய்த முயற்சிகள் ஒன்றைவிட ஒன்று மோசமாக முடிந்தன. மணம் அறிந்தால் பவளம் திறக்கும் என்று குறிப்பில் கண்டு, இறாலை அரைத்து ஊற்றினார். பவளம் திறக்கவில்லை. தண்ணீர் கஞ்சித்தெளிவுபோல் வெளுத்தது. அதைச் சரிசெய்யப் பாதித் தண்ணீரை மாற்றியபோது உப்பின் அளவு பிசகியது. தொட்டியில் இருந்த இரண்டு மீன்களும் மல்லாந்தன. அழுக்கைத் தின்னட்டும் என்று நத்தைகளை வாங்கி விட்டார். அவை மூன்றாம் நாள் செத்து, அழுக்கோடு சேர்ந்துகொண்டன. ஊட்டும் இறாலை நீரோட்டம் அடித்துக்கொண்டு போகிறதோ என்ற ஐயத்தில் பம்பை நிறுத்தினார். தண்ணீர் பச்சையாகி, நாற்றம் மதிலைத் தாண்டியது.

மதிலுக்கு அப்பால் குடியிருந்த புஷ்பபாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார்.

"சாரே, செத்தது கணக்கில்லாம வருது. திறந்தது ஒண்ணையும் காணல்லியே."

"மூடியிருந்தா செத்ததுன்னு அர்த்தமில்ல."

"அது செரியாக்கும். எனக்க வீட்டுக்காரரு முப்பது வருசமா எனக்க கொழம்பத் தின்னிட்டு வாய் திறந்து நல்லதுன்னு ஒரு வாக்கு பறஞ்சதில்ல. உயிரோடதான் இருக்காரு."

இனி வாவு நாளின் நிகழ்ச்சிக்குத் திரும்பலாம்.

அனூஜ் கையை நனைத்துக்கொண்டு மூன்று முறை கொட்டினான். பலியிட்டவர் ஈரக்கை கொட்டிக் காகத்தை அழைப்பது அந்த ஊர் வழக்கம். தென்னை ஓலைகூட அசையவில்லை.

"ஒனக்க கொட்டு, கூட்டத்துல பேசி முடிச்சவனுக்குக் கொட்டியது போல இருக்கு" என்றார் சத்யபாமா. செம்பில் இருந்த தண்ணீரில் தம் கைகளை நனைத்தார். பலியிடுவது மகனின் உரிமை. ஆயினும் நேரம் பத்தாகிவிட்டது. அவர் நிதானமாக, இடைவெளி விட்டு, மூன்று முறை கொட்டினார்.

தொட்டி இருந்த அறைக்குள்ளிருந்து, அனூஜோடு வந்திருந்த சுமியின் குரல் கேட்டது. அது உரத்த குரல் அன்று.

"அத்த, கொஞ்சம் இங்க வாருங்க. ஓடாண்டாம். மெள்ள வாருங்க."

பம்பு நின்று ஒரு மாதமாகிவிட்டதால் தொட்டியில் நீர் கண்ணாடித் தகடுபோல் அசைவற்று இருந்தது. அதன் நடுவே பவளம் திறந்திருந்தது. இருபத்தெட்டு வாய்கள். ஒவ்வொன்றையும் சுற்றி, விரற்கடை நீளத்தில், மஞ்சள் நிறக் கைகள். எந்த நீரோட்டமும் இல்லாமல் அவை யாவும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. முற்றத்து ஜன்னலை நோக்கி.

சத்யபாமா உள்ளே வந்து நின்றதும், அவை மெல்லத் திரும்பி அவர் நின்ற பக்கம் சாய்ந்தன.

"காத்தாயிருக்கும்" என்றான் அனூஜ்.

"தண்ணிக்குள்ள ஏது காத்து?" என்றாள் சுமி.

சற்று நேரத்தில் வாய்கள் மூடிக்கொண்டன. அனூஜ் தொட்டியருகே நின்று கை கொட்டினான். ஒன்றும் நிகழவில்லை. சத்யபாமா கொட்டினார். இருபத்தெட்டும் திறந்தன.

"எனக்கு ஏன் திறக்கல்ல?"

"அப்பாக்க ஸ்கூட்டர சொல்லாம வித்தியே. மறந்திருக்கமாட்டாவ."

பலி முடியாத வீட்டில் இறாலைத் தொடுவதற்கில்லை. சத்யபாமா முற்றத்து இலையிலிருந்து ஒரு பிடி பலிச்சோற்றை எடுத்து வந்து, இடுக்கியால் ஒவ்வொரு பருக்கையாக ஊட்டினார். ஒவ்வொரு வாயும் பருக்கையைப் பற்றி, உள்ளிழுத்து, மூடியது. சோற்றில் எள் கலந்திருந்தது. சிறிது நேரம் கழித்து வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்து எள்ளை மட்டும் வெளியே துப்பின. அது தொட்டியின் அடியில் கறுப்புத் தூளாகப் படிந்தது.

பொன்னப்பனுக்கு எள் ஒவ்வாது என்பது அந்த அறையில் நின்ற மூவருக்கும் தெரியும். அப்போது மணி பதினொன்று இருபது.

நியாயப்படி ஒப்பந்தம் அத்துடன் சத்யபாமாவுக்குச் சாதகமாக முடிந்திருக்க வேண்டும். அனூஜ் அப்படி எளிதில் விடுகிறவன் அல்லன்.

"இது எனக்குத் தெரிஞ்ச விசயமில்ல. வெவரம் அறிஞ்ச ஒருத்தன் வந்து பாத்து, உயிரோட உண்டும்ன்னு பறையட்டும். நான் ஒப்புக்கிடுதேன்."

"யாரு?"

"அப்பா இத வாங்கினது ஆருட்ட?"

நெய்யாற்றின்கரையில் வளர்ப்புமீன் கடை வைத்திருந்த ஜெனிலிடம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மாலை நான்கு மணிக்கு வருவதாக அவன் சொன்னான்.

இடைப்பட்ட மூன்று நாள்களில் வீட்டின் ஒழுங்கு குலைந்தது. சுமி அந்த அறையைக் கடக்கும்போது தலை குனிந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். மாமனார் உட்கார்ந்திருக்கும் அறையை மருமகள் கடக்கும் நடை அது. அனூஜ் தொலைபேசியில் அலுவலகத்தாரோடு சண்டையிட்டால் முற்றத்துக்குப் போய்ச் சண்டையிட்டான். வெள்ளிக்கிழமை காலையில் புஷ்பபாய் வேதப்புத்தகத்தோடு வந்து, திறந்த வாய்களை மூன்று நிமிடம் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் திறக்காமலே திரும்பினார்.

"என்ன புஷ்பம், ஒண்ணும் பறையாம போறிய?"

"ஒண்ணுமில்ல சாரே. பாக்கதுக்கு பொன்னப்பண்ணன் பந்திக்கு உக்காந்தது போல இருக்கு."

விசித்திரமான மற்றொன்றையும் சத்யபாமா கவனித்தார். தொட்டியின் நாற்றம் போய்விட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது. அடியில் கிடந்த செத்த நத்தைகளைக் காணவில்லை. அவற்றை எடுத்து வெளியே போட்டது யார் என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவரும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நான்கு மணிக்கு ஜெனில் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் சிறு டார்ச் விளக்கு. தொட்டியைப் பார்த்ததும் ஏனோ தலையைச் சொறிந்துகொண்டு புன்னகைத்தான். பழைய குற்றம் ஒன்றைப் பேசவேண்டிய நேரம் வந்ததுபோல.

"அக்கா, இதப் பத்தி நான் ஒரு காரியம் பறயணும். அண்ணன் இருக்கும்பமே பறஞ்சிருக்கணும்."

"முதல்ல பாரு. பெறவு பேசலாம்" என்றான் அனூஜ். "அம்மா, கொட்டுங்க."

சத்யபாமா மூன்று முறை கொட்டினார்.

டார்ச் விளக்கு ஜெனிலின் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்து உருண்டது. அவன் குனிந்து எடுக்கவில்லை. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, கன்னத்தைத் தரையோடு சேர்த்து, பவளத்தின் அடிப்பகுதியைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். வாய்கள் அவன் தலையிருந்த பக்கம் சாயத் தொடங்கியதும், சட்டென்று எழுந்து சுவரோரம் போய் நின்றான்.

"என்ன ஜெனிலே, உயிரோட உண்டா?"

"உண்டு."

"ஒறப்பா?"

"பாக்கிதியளே. வாய் திறக்குதே."

"சாதாரணமா இது இப்படித்தான் தின்னுமா?"

"நான் இதுக்கு முன்ன கண்டதில்ல" என்றான் ஜெனில். சுமி கொடுத்த தேநீரை அவன் வாங்கவில்லை.

அனூஜ் மேசையில் உட்கார்ந்து, ஒப்பந்தத்தின் இரு பிரதிகளிலும் 'நிபந்தனை நிறைவேறியது' என எழுதிக் கையெழுத்திட்டான். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அன்று மாலையே புறப்பட வேண்டும் என்று சுமி பெட்டியைக் கட்டி முடித்திருந்தாள்.

சத்யபாமா குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஜெனிலின் பின்னால், தெருவோரம் இருந்த படிப்புரை வாசல்வரை போனார். பவளத்துக்கு நாள்தோறும் எத்தனை இறால், வாரத்தில் எத்தனை நாள் என்பதை அறிந்து எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் பிடித்திருந்தான்.

"நீ முதல்ல என்னமோ பறயணும்ன்னியே?"

"வேண்டாம் அக்கா."

"பறஞ்சிட்டுப் போ. எதையும் பாதியில நிறுத்தப்பிடாது."

ஜெனில் தொட்டி அறையின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினான்.

"நான் கொடுத்த பவளம் மூணே வாரத்துல செத்துப் போச்சு. அண்ணன் ஓடி வந்தாரு. 'பவளம் இல்லன்னா எனக்க ரண்டு மணிக்கூர் போச்சு மக்கா, பொஞ்சாதி அந்தக் கட்டத்துல வேற சோலிய எழுதிருவா, எனக்கு ஒரு ஒறக்கத்துக்கு வழி உண்டாக்கித் தா'ன்னு கேட்டாரு. நீங்க மூணு வருசமா வெச்சிருக்கியது நான் கொடுத்த பொம்மையாக்கும் அக்கா. பிளாஸ்டிக். எனக்க கடை ஸ்டிக்கர் இப்பவும் அதுக்க அடியில உண்டு."

அதன்பின் வாசலிலேயே இருவரும் பேசி முடிவு செய்தவை இவை. சத்யபாமா உதியன்குளங்கரையிலேயே இருப்பார். ஒப்பந்தத்தில் கண்டபடி பவளம் உயிரோடு இருப்பதாகவே கொள்ளப்படும். ஜெனில் சொன்னதை அனூஜிடமோ சுமியிடமோ சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு, இருபத்தெட்டு வாய்களுக்கும், எள் சேராத உணவு. ஒரு நாள் கொடுக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.