நூலில் வளர்ந்த ஏஸ்தெல்

ஜென்மராக்கினி மாதா துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
2007 அக்டோபர், ஞாயிறு காலை

பிரியமுள்ள மச்சான் கியோமுக்கு, மாமா எதுவார் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். உன் அக்கா லோராவும் சுகம். சுகமில்லாமல் கிடந்தது வீடு ஒன்றுதான். அதுவும் இப்போது தேறி வருகிறது. அவ்விடம் நீயும் செசிலும் மகள் ஏஸ்தெலும் அந்தக் குளிரில் இருமல் சளி அண்டாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நிற்க. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நீ போனில் பேசும்போது, "அடுத்த வக்கான்ஸுக்குக் கட்டாயம் வர்றோம் அக்கா" என்று தயவுசெய்து சொல்லாதே. லீவுக்கு வருவதாக இருந்தால் பிளேன் ஏறிவிட்டுச் சொல். நீ ஏதோ ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். உன் அக்கா அதே கையோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை மச்சான். நடந்ததைக் கேட்டால் உனக்கே புரியும்.

நீங்கள் கடைசியாக வந்தது பிரான்ஸ் பந்தாட்டத்தில் உலகக் கோப்பை ஜெயித்த வருஷம். அப்போது ஏஸ்தெலுக்கு ஆறு வயது. ஊருக்குப் போகிற அன்றைக்கு லோரா பிள்ளையைப் பிடித்து நிறுத்தி, தோளிலிருந்து முட்டி வரைக்கும் வெள்ளை நூலால் அளவெடுத்து, முடிச்சுப் போட்டு, நீ கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்தாள். மறுவருஷம் வரும்போது கவுன் தயாராக இருக்கணுமாம். மறுவருஷம் நீ வர்றேன்னு சொன்னே. உடனே நூலை எடுத்தா. "புள்ள ஒரு வருஷத்துல ரெண்டு விரக்கடையாவது வளந்திருக்கும்ங்க"ன்னு தன் விரலாலயே அளந்து, கீழ இன்னொரு முடிச்சுப் போட்டா. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போயி, அந்த அளவுக்குக் கவுன் வாங்கிட்டு வந்தா. நீங்க வரல. அடுத்த வருஷமும் நீ வர்றேன்னு சொன்னே, அவ இன்னொரு முடிச்சுப் போட்டா. இப்படியே உன் மக அங்க ஒரு பக்கம் வளர, இங்க பிஸ்கட் டப்பாவுல ஒரு பக்கம் வளர்ந்துகிட்டு இருந்தா.

கவுனோட நின்னிருந்தா நான் இந்தக் கடுதாசியே எழுதியிருக்க மாட்டேன். செசிலுக்கு ஆப்பச்சட்டி வாங்கினா, பிரான்ஸ்ல கெடைக்காதாம். உனக்கு லுங்கி, அந்த லுங்கிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு உறை. நீங்க மூணு பேரும் படுக்க கொசுவலை, அந்தக் கொசுவலையில ஓட்டை விழுந்தா போட்டுக்க இன்னொரு கொசுவலை. அப்புறம் காரணமும் நின்னுபோச்சி, வாங்குறது மட்டும் நிக்கல. ஒருநாள் துணியில்லாத குடையோட வந்தா. இது எதுக்கு லோரான்னு கேட்டா, "வர்றவங்களுக்கு ஆவும்"னா. பிரான்ஸ்லேர்ந்து வந்து எறங்குறவன் குடைக்கம்பிய வச்சி என்னா பண்ணுவான்னு நான் கேக்கல. ஏன்னா அவ கண்ணுல அப்ப ஒரு வெளிச்சம் இருக்கும் மச்சான், அதைப் பாத்தா எனக்கு வாய் வராது. பேரம் பேசுறதைப் பாக்கணும் நீ. மில்லுல முப்பது வருஷம் தொழிற்சங்கத்துப் பேச்சுவார்த்தையில உக்காந்தவன் நான், எத்தனையோ கில்லாடியைப் பாத்திருக்கேன். இவ ஒரு வார்த்தை பேச மாட்டா. பொருளைத் திருப்பிப் பாப்பா, லேசா ஒரு பெருமூச்சு விடுவா, கீழ வச்சிடுவா. கடைக்காரன் தானா இறங்கி வருவான். துணிக்கடை அம்மாவாசை ஒருதடவை எங்கிட்ட வந்து, "சார், அக்கா பெருமூச்சு விட்டா எனக்கு அன்னிக்கு ஏவாரமே ஓட மாட்டேங்குது, பயமா இருக்கு"ன்னான்.

கடைசியில என்னாச்சின்னா, நீங்க வந்தா தங்கறதுக்குன்னு ஒதுக்கி வச்ச பின்கட்டு ரூம்பு கழுத்து வரைக்கும் ரொம்பிப்போச்சி. கதவு தொறக்காது. புதுசா வாங்கினதை நான் ஜன்னல் வழியா உள்ள தள்ளுவேன். உங்களுக்குன்னு வாங்கின கட்டிலு அதுக்குள்ளதான் எங்கியோ இருக்கு, சாமான் மூடி அதைப் பாத்தே வருஷமாவுது. என் சாய்வு நாற்காலி தண்ணிக்குழாய் பக்கத்துக்குப் போயிடுச்சி, மழை வந்தா நானும் நாற்காலியும் நனையறோம். ஒருநாள் பொறுக்க முடியாம, "லோரா, அவங்க வர்றாங்கன்னு வாங்கி வாங்கி, அவங்க வந்தா படுக்க எடமில்லாம பண்ணிட்டியே"ன்னு சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு பாய் வாங்கிட்டு வந்தா.

நானும் சும்மா இருக்கல. பையை ஒளிச்சி வச்சேன், முந்தானையில கட்டிட்டு வந்தா. பூசை முடிஞ்சதும் நேரா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க சங்கு விக்கிறவன் மாட்டிக்கிட்டான், அவன் கூடை காலி. செருப்பை ஒளிச்சேன், வெறுங்காலோட போயி ரெண்டு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்தா. அதோட நான் கையெடுத்துக் கும்பிட்டு விட்டுட்டேன்.

இதுக்கு நடுவுலதான் ஆகஸ்ட் மாசம் நீ அனுப்பின போட்டோ வந்துது. உங்க குசினி வாசப்படியில ஏஸ்தெல் நிக்கிறா. தலை கதவு நிலையில இடிக்கிற மாதிரி இருக்கு. முட்டியில ரெண்டு பக்கமும் கிழிஞ்ச ஜீன்ஸு, காதுல ஏதோ வயரு. உன் அக்கா போட்டோவ ஜன்னல் வெளிச்சத்துல வச்சிப் பாத்தா. அப்புறம் என்னைய ஜன்னல் வழியா உள்ள எறங்கச் சொன்னா. கவுனை எல்லாம் தேடித் தேடி ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தேன். கூடத்துல தரையில வரிசையா பரப்பினா, சின்னதுலேர்ந்து பெரிசு வரைக்கும். ரோஜா கலரு, பொம்மை போட்டது, லேசு வச்சது, பின்னாடி முடிச்சிப் போடுறது. கூடம் பத்தல, வாசல் வரைக்கும் போச்சி. கடைசிக் கவுன் பக்கத்துல போட்டோவ வச்சா. போட்டோவுல நிக்கிற பொண்ணுக்கு அது இடுப்போட நின்னுடும். நூலை எடுத்து கடைசி முடிச்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா. "இந்தப் புள்ளைக்கு நான் ஒரு வருஷம்கூட வாங்கலீங்களே"ன்னா. எனக்கு மொதல்ல புரியல. "நான் வாங்கினதெல்லாம் இந்த நூலுக்குத்தாங்க. வாங்கிட்டு வர்ற அன்னிக்கி அவங்க நாளைக்கே வந்துடுற மாதிரி இருக்கும். அது ஒருநாள் இருக்கும். அப்புறம் திரும்பவும் போவணும்"னா. இத்தினி வருஷம் பக்கத்துல இருந்து சாமான்ல இடிச்சிக்கிட்டேனே தவிர, இது எனக்குத் தெரியல.

அதோட நின்னுடுச்சின்னு நெனைக்காதே. அடுத்த ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவ காலு தானா காந்தி வீதி பக்கம் திரும்புது. வேணாம் லோரா, வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கலாம்னேன். "சாத்திக்கிட்டா ஆசையும் என்கூட உள்ளயே இருக்கும்ங்க. போயி எல்லாத்தையும் பாத்துட்டு வர்றேன். நீங்க பின்னாடி வாங்க, எதுவும் சொல்லாதீங்க"ன்னா. பர்ஸை எங்கிட்ட குடுக்கல. இடுப்புலயே வச்சிக்கிட்டா. அதுதான் எனக்குப் பயம்.

தேருக்குப் பின்னாடி போற மாதிரி பின்னாடியே போனேன். மார்க்கெட்டு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தா. எதையும் பாக்காம ஓடல. ஒவ்வொரு கடையா நின்னா, தொட்டுப் பாத்தா, தட்டிப் பாத்தா, கீழ வச்சா. பெருமூச்சு விடல. தெருவே அவளைத்தான் பாக்குது. பாத்திரக்காரன் தட்டுறதை நிறுத்திட்டான். அம்மாவாசை மஞ்ச கவுன் ஒண்ணைத் தூக்கிப் புடிச்சி, "அக்கா, பாப்பாவுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்"ன்னான். வாங்கி உள்பக்கம் திருப்பி தையலைப் பாத்தா. தடவிக் குடுத்தா. "தையல் நல்லாயிருக்கு அம்மாவாசை. எங்க பாப்பா பெரிசாயிட்டா"ன்னு சொல்லி, மடிப்பு கலையாம மடிச்சி அவன் கையில வச்சிட்டு நடந்தா. வெறுங்கை ரெண்டையும் வீசிக்கிட்டு அந்தத் தெருவ விட்டு அவ வெளிய வந்ததைப் பாத்து எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சி. பாலத்தைக் கட்டுறவன், மலை ஏறுறவன் எல்லாம் இவளுக்கு முன்னாடி என்னா பெரிய ஆளு. வீட்டுக்கு வந்து வாசப்படியில உக்காந்து தண்ணி கேட்டா. மூணு டம்ளர் ஒரே மூச்சுல குடிச்சா. அடுத்த வாரமும் போனா, வெறுங்கையோட வந்தா. அதுக்கடுத்த வாரம் ஒரு டம்ளரே போதும்னா.

ரூம்பைக் காலி பண்ண, நமக்கு மீனு கொண்டாற வைத்திக்குப்பத்து அம்மா, அந்தச் சின்னப்பொண்ணைக் கூப்பிட்டு எல்லாத்தையும் எடுத்துக்கச் சொன்னா. சின்னப்பொண்ணு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, "என்னா யக்கா, கடை வைக்கப் போறியா, கடையக் காலி பண்றியா"ன்னு கேட்டுச்சி. மீனு ஏத்துற வண்டியில போச்சி எல்லாம். குடைக்கம்பிய மட்டும் வேணாம்னுடுச்சி.

போன ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாங்க பீச் ரோட்டுல உக்காந்திருந்தோம். குப்பத்துப் புள்ளைங்க கூட்டமா வந்துதுங்க. மொதல்ல ரோஜா கவுனு போட்ட சின்னது ஓடி வருது. பின்னாடி பொம்மை கவுனு, அதுக்குப் பின்னாடி லேசு வச்சது, கடைசியா கொஞ்சம் ஒசரமா ரெட்டை ஜடையோட ஒண்ணு. ஏழு வயசு ஏஸ்தெல்லேர்ந்து ஒவ்வொரு வருஷத்து ஏஸ்தெலும் ஐஸ் குச்சியைச் சப்பிக்கிட்டு எங்க முன்னாடி நடந்து போனாங்க மச்சான். நீங்க வராத அத்தினி வருஷமும் வந்து போச்சி. லோரா என் கையப் புடிச்சிக்கிட்டா. "எல்லாம் அளவு சரியாத்தாங்க இருக்கு"ன்னா. அழறாளா சிரிக்கிறாளான்னு எனக்குத் தெரியல. நான் அழுதேன்.

ஆகவே மச்சான், உன் அக்கா பெரிய காரியம் பண்ணி முடித்திருக்கிறாள். அதைக் கலைத்துவிடாதே. வருகிறேன் என்று வாயால் சொல்லாதே. உனக்கும் செசிலுக்கும் எங்கள் அன்பு முத்தங்கள். ஏஸ்தெல் நெற்றியில் எங்கள் இருவர் பெயராலும் சிலுவை போட்டுவிடு. எட்டவில்லை என்றால் உட்காரச் சொல்லிப் போடு.

இப்படிக்கு,
உன் மாமா எதுவார்

பின்குறிப்பு: இதைத் தபால் பெட்டியில போடக் கிளம்பினேன். வழியில மார்க்கெட்டு. அம்மாவாசை கடையில முட்டி கிழிஞ்ச ஜீன்ஸு ஒண்ணு தொங்குது, அச்சு அசல் போட்டோவுல இருக்கிறது. நிலைவாசல் ஒசரத்துக்கு ஒரு பொண்ணு இருக்கான்னு சொன்னேன், எடுத்துக் குடுத்துட்டான். அப்படியே வீட்டுக்குத் திரும்பி, உன் அக்காவுக்குத் தெரியாம பீரோ அடித்தட்டுல ஒளிச்சி வைக்கலாம்னு தொறந்தேன். அங்க ஏற்கெனவே ஒரு ஜீன்ஸு மடிச்சி இருக்கு. அதுவும் முட்டி கிழிஞ்சதுதான். கிழிசல் ரெண்டையும் உன் அக்கா நூலு தெரியாம அழகா தைச்சி வச்சிருக்கா. மேல எழுதினதை எல்லாம் மறந்துடு மச்சான். ரூம்பு காலியா இருக்கு, கட்டிலும் கெடைச்சிடுச்சி. அளவு கிளவு எதுவும் அனுப்பாதே. புள்ளையக் கூட்டிட்டு வா.